சிறுநீரக நோயை முன்கூட்டியே அறிதல்: பரிசோதனையும் இடாப்பும்

(நூற்றாண்டு விழாவையொட்டிய பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இந்தக் கல்லூரியில் படித்து வைத்தியத் துறைக்குச் சென்ற எங்களிடம் இந்த நூற்றாண்டு ஆண்டில் ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது. ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் சிட்னியிலிருந்தும் வருகிறது. "கல்லூரியின் பெயரால் ஊர் வைத்தியசாலைக்கு ஒரு டயாலிசிஸ் இயந்திரம் வாங்கிக் கொடுப்போமா?" என்பதே அது. கேட்பவர்களின் மனம் பெரிது. பலருடைய தகப்பனோ தாயோ அந்த இயந்திரத்துக்காகக் காத்திருந்திருப்பார்கள். அந்தக் கேள்விக்கு அவசரப்படாமல் ஒரு பதில் சொல்வதற்காகவே இன்று இந்த மேடையில் நிற்கிறோம்.

முதலில் நோயைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். எங்கள் இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளைக்கு ஏறத்தாழ 180 லீற்றர் திரவத்தை வடிகட்டுகின்றன. அதில் வேண்டியதைத் திரும்ப எடுத்துக்கொண்டு, வேண்டாததை மட்டும் சிறுநீராக வெளியேற்றுகின்றன. இவ்வளவு வேலை செய்யும் உறுப்பு தனக்கு வருத்தம் என்று இலேசில் சொல்லாது. தொழிற்பாட்டில் பாதிக்கு மேல் போன பின்னரும் நோவு இருக்காது, காய்ச்சல் இருக்காது. கால் வீங்கி, சாப்பாடு மனங்கொள்ளாமல், களைத்துப் போய் வைத்தியசாலைக்கு வரும்போது பெரும்பாலும் நாள் கடந்துவிட்டிருக்கும். உலகில் ஏறத்தாழ 850 மில்லியன் மக்களுக்கு ஏதோவொரு சிறுநீரக நோய் உண்டு என்று கணக்கிடப்பட்டிருக்கிறது. வசதிக்குக் குறைவில்லாத அமெரிக்காவிலேயே நாட்பட்ட சிறுநீரக நோயுள்ள பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு அது இருப்பது தெரியாது என்று அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் கூறுகிறது.

கண்டுபிடிப்பது கடினமா என்றால், இல்லை. இரண்டு பரிசோதனைகள் போதும். ஒன்று, சிறுநீரில் அல்புமின் என்னும் புரதம் கசிகிறதா என்று பார்ப்பது. ஒரு கிராம் கிறியற்றினினுக்கு 30 மில்லிகிராமோ அதற்கு மேலோ அல்புமின் இருந்தால் கவனிக்க வேண்டும். மற்றது, குருதியில் கிறியற்றினின் அளவைப் பார்த்து, அதிலிருந்து சிறுநீரகத்தின் வடிகட்டல் வேகத்தைக் கணிப்பது. அதைத்தான் ஈ.ஜி.எவ்.ஆர். என்கிறோம். அது 60க்குக் கீழே இறங்கினால் கவனம் தேவை. இந்த இரண்டில் எதுவாயினும் மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் நாட்பட்ட சிறுநீரக நோய் என்று பெயர் வைப்போம். இந்த "மூன்று மாதம்" என்ற சொல்லைத் தயவுசெய்து மனதில் வைத்திருங்கள். இந்தப் பேச்சு முழுவதும் அதைச் சுற்றித்தான் நிற்கிறது.

கிறியற்றினின் பற்றி இன்னுமொன்று சொல்ல வேண்டும். அது தசையிலிருந்து வருவது. ஆகவே அந்த எண்ணை மட்டும் பார்த்து நலம் என்று சொல்லிவிட முடியாது. 25 வயது இளைஞனுக்கும் 65 வயது அம்மாவுக்கும் கிறியற்றினின் 1.2 என்றே வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த இளைஞனின் வடிகட்டல் வேகம் ஏறத்தாழ 86. அந்த அம்மாவுக்கோ ஏறத்தாழ 50 மட்டுமே. எண் ஒன்றுதான். ஆனால் ஒருவர் வீட்டுக்குப் போகலாம், மற்றவர் திரும்ப வர வேண்டும். பல அறிக்கைகளில் 1.2 என்பது வழமையான எல்லைக்குள் அல்லது அதன் விளிம்பில் நிற்பதால் யாருடைய கண்ணிலும் படாமல் போகிறது. தசை குறைந்த, மெலிந்த, வயதான பெண்களே இதனால் அதிகம் தவறவிடப்படுகிறார்கள். ஆய்வுகூடம் கிறியற்றினினை அச்சிடும்போது பக்கத்திலேயே ஈ.ஜி.எவ்.ஆரையும் அச்சிட்டால் இந்தத் தவறு பெருமளவில் குறையும். வயதும் பாலும் தெரிந்தால் கணினி ஒரு நொடியில் கணக்கிட்டுவிடும். இதற்குப் புதிய இயந்திரம் எதுவும் தேவையில்லை.

எங்கள் நாட்டில் இந்த நோய்க்கு இரண்டு முகங்கள் உண்டு. ஒன்று, 1990களின் நடுப்பகுதியிலிருந்து வடமத்திய மாகாணத்தில் தெரியவந்த, காரணம் இன்னதென்று நிறுவப்படாத சிறுநீரக நோய். மதவாச்சி, பதவிய, மெதிரிகிரிய, கிராந்துருகோட்டை என்று நீளும் பட்டியலில் வவுனியாவின் சில பகுதிகளும் இருக்கின்றன. நீரிழிவோ உயர் குருதியமுக்கமோ இல்லாத விவசாயக் குடும்பங்களை அது தாக்குகிறது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் துணையோடு அனுராதபுரம், பொலன்னறுவை, பதுளை மாவட்டங்களில் நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஆய்வில், பெண்களில் 16.9 வீதமானோருக்கும் ஆண்களில் 12.9 வீதமானோருக்கும் இந்த நோயின் அடையாளங்கள் காணப்பட்டன. ஆனால் முற்றிய நிலைகளில் ஆண்களே அதிகமாக இருந்தார்கள். குடிநீர், வெப்பம், விவசாய இரசாயனங்கள் என்று பல காரணங்கள் ஆராயப்பட்டன. 2015இல் கிளைபோசேற்றுக்குத் தடை வந்தது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் அது தளர்த்தப்பட்டது. காரணத்தைப் பற்றிய விவாதம் முடியவில்லை. நோயாளிக்கோ விவாதம் முடியும்வரை காத்திருக்க நேரமில்லை.

மற்ற முகம் எங்கள் வீடுகளிலேயே இருக்கிறது. சலரோகமும் பிரஷரும்தான். 2005-2006 காலப்பகுதியில் நடந்த தேசிய ஆய்வொன்றில் 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் 10.3 வீதமானோருக்கு நீரிழிவு காணப்பட்டது. அவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு மேல் தமக்கு அது இருப்பதே தெரியாதிருந்தது. "எனக்குச் சீனி கொஞ்சம் மட்டுமட்டு" என்று சொல்லிக்கொண்டு பத்து வருடம் நடமாடுபவரின் சிறுநீரகம் அந்தப் பத்து வருடமும் சும்மா இருப்பதில்லை.

இந்த இரண்டு முகங்களுக்கும் ஒரே பரிசோதனை போதாது என்பதையும் கவனிக்க வேண்டும். நீரிழிவுக்காரருக்குப் பெரும்பாலும் சிறுநீரில் அல்புமின்தான் முதலில் தெரியும். வடமத்திய மாகாணத்து நோயில் ஆரம்பத்தில் புரதம் அதிகம் கசிவதில்லை. அங்கே சிறுநீரில் குச்சியைத் தோய்த்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று அனுப்பினால் நோயாளியைத் தவறவிடுவோம். அங்கே குருதிப் பரிசோதனை இன்றியமையாதது.

அப்படியானால் நாட்டிலுள்ள எல்லோரையும் பரிசோதித்துவிடலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். யப்பானில் 1974 முதல் பாடசாலைப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஆண்டுதோறும் சிறுநீர்ப் பரிசோதனை நடக்கிறது. அமெரிக்காவிலோ 2012இல் நோய்த் தடுப்புச் சேவைகளுக்கான நிபுணர் குழு, அறிகுறியற்ற எல்லோரையும் பரிசோதிப்பதற்குச் சான்று போதாது என்றது. அடுத்த ஆண்டே அங்குள்ள உள்மருத்துவக் கல்லூரி, ஆபத்துக் காரணி எதுவும் இல்லாதவர்களைப் பரிசோதிக்க வேண்டாம் என்றது. அங்குள்ள சிறுநீரக வைத்தியர் சங்கம் அதை ஏற்க மறுத்தது. இரு பக்கத்தாரும் படித்தவர்கள்தான். அவர்கள் முரண்பட்டது நோய் கொடியதா என்பதில் அல்ல. நோயைக் கண்டுபிடித்த பின் அதை மாற்றக்கூடிய எதையாவது செய்ய முடியுமா என்பதில்தான்.

1968இல் வில்சன், யுங்னர் என்னும் இருவர் உலக சுகாதார ஸ்தாபனத்துக்காகப் பத்து விதிகளை எழுதினார்கள். ஒரு நோய்க்காக மக்களைத் தேடிப் போய்ப் பரிசோதிக்கலாமா என்பதைத் தீர்மானிக்க இன்றும் அவற்றையே எடுத்துப் பார்க்கிறோம். அவற்றின் சாரம் இதுதான்: கண்டுபிடித்தால் கொடுக்க வைத்தியம் இருக்க வேண்டும். அந்த வைத்தியம் கிடைக்கும் இடமும் இருக்க வேண்டும். ஒரு நாளோடு முடியாமல் வேலை தொடர வேண்டும்.

வைத்தியம் இன்று இருக்கிறது. எனலாப்ரில், லோசார்ட்டன் போன்ற மாத்திரைகள் சிறுநீரகத்தைக் காக்கும் என்பது 1990களிலிருந்தும் 2001இல் வந்த ஆய்வுகளிலிருந்தும் தெரியும். எங்கள் அரச கிளினிக்குகளில் அவை இலவசமாக வழங்கப்படுபவை. 2020இல் வெளியான ஓர் ஆய்வில் டபாகிளிஃப்ளோசின் என்னும் மாத்திரை, நீரிழிவு உள்ளவர்களிலும் இல்லாதவர்களிலும், சிறுநீரகம் வேகமாகப் பழுதாகும் அல்லது அதனாலோ இருதய நோயினாலோ உயிர் போகும் ஆபத்தை 39 வீதத்தால் குறைத்தது. அந்த வகை மாத்திரைகள் இன்று இலங்கையிலும் கிடைக்கின்றன. ஆகவே 2012இல் நியாயமாக இருந்த தயக்கம் இன்று அதே அளவில் நியாயமல்ல. சர்வதேச நிபுணர்கள் 2019இல் கூடி, நீரிழிவு, உயர் குருதியமுக்கம், இருதய நோய் உள்ளவர்களை முறையாகப் பரிசோதிக்க வேண்டும் என்ற கருத்துக்கு வந்தார்கள். 2025 மே மாதம் உலக சுகாதார மகாநாடு சிறுநீரக ஆரோக்கியம் பற்றித் தனியாக ஒரு தீர்மானமே நிறைவேற்றியிருக்கிறது.

ஆகவே எங்கள் நிலைப்பாடு இது. எல்லோரையும் ஒரு தடவை பரிசோதிப்பதைவிட, ஆபத்துள்ளவர்களை ஒவ்வோர் ஆண்டும் தவறாமல் பரிசோதிப்பதே இந்த நாட்டுக்கு ஏற்ற கொள்கை. நீரிழிவு, பிரஷர், இருதய நோய் உள்ளவர்கள், குடும்பத்தில் சிறுநீரக நோய் இருந்தவர்கள், நோய் பரவியுள்ள பிரதேசங்களில் வாழ்பவர்கள் ஆகியோரே அவர்கள்.

இடம் இருக்கிறதா? இருக்கிறது. 1926இல் களுத்துறையில் இந்த நாட்டின் முதலாவது சுகாதார அலகு தொடங்கப்பட்டது. இன்று நாடு முழுவதும் உள்ள சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகள் அந்த வழியில் வந்தவை. நோயாளி வரும்வரை காத்திராமல் வீட்டு வாசலுக்குப் போகும் மரபு எங்களிடம் நூறு வருடமாக இருக்கிறது. குடும்பநல உத்தியோகத்தர் படலையைத் திறந்துகொண்டு வந்து, "பிள்ளைக்கு ஊசி போடேல்லையோ?" என்று கேட்ட நாடு இது. 1996 முதல் 35 வயதைத் தாண்டிய பெண்களுக்கு ‘சுவநாரி’ கிளினிக் நடக்கிறது. 2011 முதல் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்கள் இயங்குகின்றன. அங்கே நிறை, குருதியமுக்கம், குருதிச் சீனி எல்லாவற்றையும் இலவசமாகப் பார்க்கிறார்கள். அங்கே ஆண்கள் வருவதுதான் குறைவு. "வேலைக்குப் போகவேணும், நேரமில்லை" என்பது அவர்களின் வழமையான பதில். இந்த மண்டபத்தில் இருப்பவர்கள் நினைத்தால் அதை மாற்றலாம் என்பது எங்களுக்குத் தெரியும்.

குறை எங்கே இருக்கிறது என்றால், தொடர்ச்சியில். ஒரு முகாம் நடத்துவது சுலபம். பந்தல் போட்டு, பதாகை கட்டி, இருநூறு பேரிடம் சிறுநீர் வாங்கிப் பார்த்துவிடலாம். இருபது பேருக்குப் புரதம் தெரிந்தால், அவர்கள் எல்லோரும் நோயாளிகளா? இல்லை. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, மாதவிடாய், முதல் நாள் செய்த கடும் வேலை எல்லாமே அந்தக் குச்சியின் நிறத்தை மாற்றும். அதனால்தான் மூன்று மாதம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். ஆனால் மூன்று மாதம் கழித்துப் பந்தல் இருக்காது, பதாகையும் இருக்காது. அந்த இருபது பேரில் நோயில்லாதவர் வீணாகப் பயந்துகொண்டு இருப்பார். பிள்ளைக்குக் கலியாணம் பேசும் வீட்டில் "சிறுநீரகப் பிரச்சினை" என்ற சொல் என்ன செய்யும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நோயுள்ளவரோ, "அண்டைக்குப் பார்த்தது, பிறகு ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை" என்று நிம்மதியாக இருப்பார். இரண்டுமே தீங்கு.

நாங்கள் படித்த வகுப்பறையை நினைத்துப் பாருங்கள். வகுப்பாசிரியை காலையில் இடாப்பு மாற்றுவார். வந்தவர்களுக்கு அடையாளம் இடுவது அதில் பாதி வேலைதான். இரண்டு நாள் வராத பிள்ளையின் பக்கத்து வீட்டுப் பிள்ளையை எழுப்பி, "அவள் ஏன் வரேல்லை?" என்று கேட்பது மற்றப் பாதி. பரிசோதனைக் கொள்கைக்கும் அந்த மற்றப் பாதிதான் உயிர். எத்தனை பேரைப் பரிசோதித்தோம் என்பதைச் சாதனையாகச் சொல்லக்கூடாது. திரும்ப வர வேண்டியவர்களில் எத்தனை பேர் வந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் மருந்து தொடங்கினார்கள், ஒரு வருடம் கழித்து எத்தனை பேர் இன்னும் எடுக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். சுகாதார அமைச்சும் மாகாண சுகாதாரத் திணைக்களங்களும் இந்த எண்களை ஆண்டுதோறும் வெளியிட்டால், கொள்கை நடக்கிறதா படுத்திருக்கிறதா என்று எவரும் சொல்லிவிடலாம்.

பெண்கள் கல்லூரியில் நின்று பேசுவதால் பெண்களைப் பற்றித் தனியாகச் சில சொற்கள். கர்ப்ப காலத்தில் பிரஷர் ஏறிச் சிறுநீரில் புரதம் கசிந்தவர்களுக்கு, பிற்காலத்தில் சிறுநீரகம் செயலிழக்கும் ஆபத்து மற்றத் தாய்மாரைவிட நான்கு மடங்குக்கும் மேல் என்று நோர்வேயில் நடத்தப்பட்டு 2008இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. பயப்பட வேண்டாம், மொத்தத்தில் அப்படி ஆனவர்கள் மிகச் சிலரே. ஆனால் பிள்ளை பிறந்து பிரஷர் இறங்கியதும் அந்தக் கதையை எல்லோரும் மறந்துவிடுகிறோம். மறக்காமல் ஆண்டுக்கொரு தடவை பிரஷரையும் சிறுநீரையும் பாருங்கள். கிளினிக்கில் கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்லுங்கள். மேலே சொன்ன எனலாப்ரில், லோசார்ட்டன் வகை மாத்திரைகளைக் கர்ப்பிணிகள் எடுக்கக்கூடாது. ஆகவே பிள்ளை பெற எண்ணுபவர்கள் வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். இன்னுமொரு விடயம்: உலகம் முழுவதும் உயிருடன் இருக்கும்போது சிறுநீரகம் தானம் செய்பவர்களில் பெண்களே அதிகம், பெறுபவர்களில் ஆண்களே அதிகம். கொடுப்பதற்கு முன்வரும் நாங்கள் எங்களைப் பரிசோதிக்கவும் முன்வர வேண்டும்.

இனி, தொடக்கத்தில் சொன்ன கேள்விக்கு வருவோம். டயாலிசிஸ் இயந்திரம் உயிர் காப்பது. அதை நாங்கள் குறைத்துச் சொல்ல மாட்டோம். ஆனால் அதன் கணக்கைப் பாருங்கள். உலக வழக்கில் ஒருவருக்கு வாரம் மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் நான்கு மணித்தியாலம் அளவில் தேவை. இங்கே பலருக்கு இரண்டு தடவைதான் கிடைக்கிறது. அப்படியானால் ஓர் இயந்திரம் ஒரு சிலருக்கு மட்டுமே பயன்படும். அதற்கு வடிகட்டி வேண்டும், சுத்தமான நீர் வேண்டும், பயிற்சி பெற்ற தாதியர் வேண்டும், பழுதானால் திருத்த ஆள் வேண்டும். நோயாளியின் வீட்டில் ஒருவர் வேலையை விட்டு அவரோடு அலைய வேண்டும். இயந்திரத்தை வாங்கிக் கொடுப்பவர் படம் எடுத்துக்கொண்டு போன பின்னரும் இந்தச் செலவுகள் நிற்காது.

அதே பணத்தை வேறு விதமாகச் செலவிடலாம். ஊரிலுள்ள சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையோடும் வைத்தியசாலைக் கிளினிக்கோடும் பேசி, அவர்களின் அனுமதியோடு, மூன்று காரியங்களை ஐந்து வருடத்துக்கு ஏற்றுக்கொள்வோம் என்பது எங்கள் வேண்டுகோள். முதலாவது, நீரிழிவு, பிரஷர் கிளினிக்குகளுக்கு வருபவர்களுக்குச் சிறுநீர் அல்புமின் பரிசோதனை தட்டுப்படும் காலத்தில் அதன் செலவைக் கொடுப்பது. இரண்டாவது, ஆய்வுகூட அறிக்கையில் ஈ.ஜி.எவ்.ஆரை அச்சிட உதவுவது. மூன்றாவதுதான் முக்கியமானது. திரும்ப வர வேண்டியவர்களின் இடாப்பு ஒன்றைப் பராமரித்து, வராதவர்களுக்குத் தொலைபேசி எடுத்து, தேவையானால் வீட்டுக்கே போய்க் கேட்கும் ஒருவருக்கு மாதச் சம்பளம் கொடுப்பது. நோயாளிகளின் விபரம் வெளியே போகாமல் காப்பதும் அந்த ஆளின் கடமை. இயந்திரத்தின் நெற்றியில் கல்லூரியின் பெயரைப் பொறிப்பதுபோல் இதில் எங்கும் பெயர் பொறிக்க முடியாது. டயாலிசிஸ் வாசலுக்குப் போகாமலே தப்பியவர் யார் என்று படம் பிடிக்கவும் முடியாது. அதனால்தான் இதற்குக் காசு சேர்ப்பது கடினம். அதனால்தான் இந்தச் சங்கத்திடம் கேட்கிறோம்.

வெளிநாடுகளில் இருக்கும் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. தெற்காசிய வழிவந்தவர்களுக்குச் சிறுநீரகம் செயலிழக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பன்மடங்கு அதிகம் என்று பிரித்தானியத் தரவுகள் காட்டுகின்றன. இங்கிலாந்தில் 40 முதல் 74 வயதானவர்களை ஐந்தாண்டுக்கு ஒரு தடவை சுகாதாரப் பரிசோதனைக்கு அழைக்கிறார்கள். கடிதம் வந்தால் குப்பையில் போடாதீர்கள். எந்த நாட்டில் இருந்தாலும் சலரோகமோ பிரஷரோ இருந்தால் வைத்தியரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: "என்னுடைய ஈ.ஜி.எவ்.ஆர். எத்தனை? சிறுநீரில் அல்புமின் எத்தனை?" இரண்டையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மூட்டு நோவுக்கு டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளைக் கடையில் வாங்கி மாதக் கணக்கில் விழுங்காதீர்கள். ஊரிலுள்ள பெற்றோருடன் தொலைபேசியில் கதைக்கும்போது "சாப்பிட்டீங்களோ?" என்று கேட்பதோடு, "கிளினிக்குக்குப் போனீங்களோ, கொப்பியில் என்ன எழுதினவை?" என்றும் கேளுங்கள்.

இன்றைய மாணவிகளே, பாடசாலை வைத்திய பரிசோதனை நாளில் வரிசையில் நின்று நிறை பார்ப்பதும், கண் பார்வை அட்டையை வாசிப்பதும் உங்களுக்குச் சில வேளை விளையாட்டாக இருக்கும். நோய் வருமுன் தேடிப் போவது என்ற பெரிய கொள்கையின் முதல் பாடம் அதுதான். உங்களில் சிலர் வைத்தியர்களாக, தாதியர்களாக, பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களாக, கணக்காளர்களாக, திட்டம் வகுப்பவர்களாக வருவீர்கள். நோயாளி வராத நாளில் அவரைத் தேடுவது யாருடைய வேலை என்று எந்தக் கூட்டத்திலாவது கேள்வி எழுந்தால், எழுந்து நின்று பதில் சொல்லுங்கள்.

அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இந்த வேண்டுகோளை விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளும்படி தலைவி அவர்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். ஏற்றுக்கொண்டால், அந்த இடாப்பைத் தயாரிக்கும் வேலையில் முதல் மூன்று மாதமும் உடனிருக்க இந்தக் கல்லூரியின் வைத்தியர்களாகிய நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.